நாய்க்கு நெல்லைத் தமிழ், கடைக்காரருக்குக் கோவைத் தமிழ்

வீடியோ கடை என்பது, பார்த்து முடித்தவர் சுற்றாமல் கொண்டுவந்து போட்ட கேசட்டை, அடுத்துப் பார்க்கப் போகிறவருக்காக நாம் உட்கார்ந்து திருப்பிச் சுற்றும் தொழில். கல்லாவுக்குப் பின்னால் நின்ற எவருக்கும் இந்த வலி தெரியும். நிற்காதவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலமாரி முன்னால் "எந்தப் படம்?" என்று குடும்பத்தோடு சண்டை போட்டிருப்பீர்கள். அதுவும் இதே வலியின் மறுபக்கம்தான். ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சி.

இதில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. எங்கப்பா ஒரு கோடை முழுக்க ஏமாந்த கதை. அதை இப்போதே கொட்டிவிட எனக்கு நாக்கு துடிக்கிறது. ஆனால் மாட்டேன்! சுற்றாத கேசட்டைப் போட்டால் கடைசிக் காட்சிதான் முதலில் வரும், அப்புறம் படத்தில் என்ன இருக்கிறது? கொஞ்சம் பொறுங்கள். முதலில் சோபா.

சோபா வந்த விதம்

என் பெயர் தேன்மொழி, வீட்டிலும் கடையிலும் தேனு. வயது பதினாறு. உடுமலைப்பேட்டையில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தவளை அப்பாவின் வேலை அமெரிக்காவின் சன்னிவேலில் கொண்டுவந்து இறக்கியது. யார் பேசினாலும் அந்தக் குரல் என் தொண்டையில் வந்து குடியேறிவிடும். டீச்சர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி, மைக்ரோவேவ், யாரையும் விட்டதில்லை. ஒரு சனிக்கிழமை அம்மா சமையலறையிலிருந்து, "ஏனுங்க, அந்த சோபாவ வாங்கிரட்டுமா?" என்று கேட்டாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல ஆளில்லாமல் ஒரு கேள்வி அந்தரத்தில் தொங்குவது எனக்குப் பொறுக்காது. ஹாலில் இருந்தபடி அப்பா குரலில், "வாங்கிக்க, அதுக்கென்ன இப்ப?" என்றேன்.

சாயங்காலம் சோபா வந்து இறங்கியது. தள்ளுபடியில் வாங்கியது, திருப்பி எடுக்க மாட்டார்களாம். அம்மா, "நீங்கதானுங்க சொன்னீங்க" என்கிறாள். அப்பா, "நான் எங்க சொன்னேன்?" என்கிறார். இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். அப்பா அந்த சோபாவில் உட்கார மறுத்து ஒரு வாரம் கார்ப்பெட்டில் சப்பணமிட்டு செய்தி பார்த்தார். பஷீர் அங்கிளின் வீடியோ கடையில் எனக்குப் பகுதி நேர வேலை கிடைத்து அப்போதுதான் சில நாள் ஆகியிருந்தது. அப்பா விரலை நீட்டிச் சொன்னது இது: "எவங் குரல வேணும்னாலும் எடுத்துக்க அம்மிணி. எங் குரல இன்னொருக்கா எடுத்தீன்னா, கடை வேலை அன்னிக்கே முடிஞ்சுது, பாத்துக்க."

ஒரே ஆள், பெரிய குழு

எல் கமினோ ரியல் சாலையில் இருந்த அந்தக் கடையின் முன்பாதியில் அரிசி, பருப்பு, ஊறுகாய். பின்பாதியில் ஒரு சுவர் முழுக்கத் தமிழ்ப் படம், எதிர்ச் சுவர் முழுக்க அமெரிக்கப் படம். பஷீர் அங்கிள் ராமநாதபுரத்துக்காரர். எதைச் சொன்னாலும் "ஒரு நிமிஷம்மா" என்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தொடங்குவார். அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். வெள்ளிக்கிழமை எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அமெரிக்கக் குடும்பச் சிரிப்புப் படம் எடுக்கிறார்கள். ஆறு மாத விசாவில் ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் ஒன்றும் புரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். காரும் ஓட்டத் தெரியாது, எழுந்து எங்கே போவார்கள்?

அங்கிள் மூளையில் பல்பு எரிந்தது. வீடியோ கேசட்டோடு ஒரு ஆடியோ கேசட். டிவியின் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, படத்தின் பெயர் திரையில் தெரிந்ததும் டேப் ரெக்கார்டரைத் தட்ட வேண்டும். அப்பா, அம்மா, பையன், போலீஸ், கிழவி, எல்லாரும் தமிழில் பேசுவார்கள். பாதியில், "இப்ப படத்தை நிறுத்திட்டு கேசட்டைத் திருப்பிப் போடுங்க" என்று நானே சொல்வேன். சரக்கு அறையில் துவரம்பருப்பு மூட்டைக்கும் கடலைமாவு மூட்டைக்கும் நடுவில் மைக்கை வைத்து, அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியே பேசினேன். மூட்டைகள் எதிரொலியை எல்லாம் குடித்துவிடும், ஸ்டூடியோ தோற்கும்! "யார் பேசினதுன்னு கேட்டா என்ன அங்கிள் சொல்றது?" என்றேன். அவர் செருமினார். "ஒரு நிமிஷம்மா. மெட்ராஸ்ல ஒரு பெரிய குழுன்னு சொல்லு. நீ ஒரு ஆளே குழு மாதிரிதானே சத்தம் போடுறே."

நாய் எந்த ஊர்?

இந்தப் படங்களில் ஒரு குடும்பம் இருக்கும். வேலை வேலை என்று ஓடும் அப்பா, கை கட்டிப் பெருமூச்சு விடும் அம்மா, சுட்டிப் பையன், ஒரு நாய். ஆங்கிலத்தில் நாய் குரைக்கும், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய நாயைச் சும்மா விடுவதா? நான் அதற்கு நெல்லைத் தமிழ் கொடுத்தேன். பையன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால், "ஏல, கதவ அடச்சுட்டுப் போல! தெருநாயெல்லாம் உள்ள வந்துரும்லா!" என்று நாய் அலறும். வீட்டுக்கு வீடு ரீவைண்ட் பண்ணிப் பார்த்தார்களாம்.

மறுநாள் பிரேமா ஆன்ட்டி வந்தார். பாளையங்கோட்டைக்காரர். காரை நிறுத்தும்போதே கோபம் தெரிந்தது. "எங்க ஊர்த் தமிழ நாய்க்கா குடுக்கிய? ஊருல எந்தப் படத்த எடுத்தாலும் அருவா தூக்குதவன் எங்க ஊரு, வேலக்காரன் எங்க ஊரு. அமெரிக்கா வந்தும் நாயா?" நியாயம்தானே! குழுவிடம் சொல்லி மாற்றுகிறோம் என்று அங்கிள் கும்பிட்டார். அடுத்த படத்தில் நாயை மதுரைக்கு மாற்றிவிட்டு, வீட்டு அம்மாவையே நெல்லைக்காரி ஆக்கினேன். பிரேமா ஆன்ட்டி பெருமையோடு எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது முகம் வாடிக் கிடந்தது. கேசட்டைக் கல்லாவில் வைத்துவிட்டு அவர் சொன்னது: "அம்மாவுக்குப் படத்துல மூணு வசனந்தான் இருக்கு தேனு. ஒண்ணு ‘சாப்பிட வாங்க’, இன்னொண்ணு ‘ஐயோ’, மத்தது வெறும் பெருமூச்சு. பேசாம நாயவே திருப்பித் தந்துருங்க."

காணாமல் போன நாய்

நாய் மதுரைக்குப் போன அதே வாரம் நான் ஒரு தப்புப் பண்ணினேன். மதுரையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஐயாவுக்கு வீடியோ ஒரு படத்துடையதாகவும், ஆடியோ வேறு படத்துடையதாகவும் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகுதான் அலமாரியில் ஜோடி மாறிக் கிடந்ததைப் பார்த்தேன். திங்கட்கிழமை வரை கதவு மணி அடித்தபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

ஐயா சிரித்துக்கொண்டே வந்தார்! படம் பிரமாதமாம். அந்த அப்பன் வேலை வேலை என்று ஓடினானாம், மகனின் விளையாட்டுப் போட்டியை மறந்தானாம், கடைசியில் மழையில் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டானாம். எல்லா வசனமும் வாயில் வந்து உட்கார்ந்ததாம். எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் இந்தச் சுவரில் இருப்பதெல்லாம் ஒரே படமா? வீடு, புல்வெளி, அழுகை, கட்டிப்பிடி, எல்லாம் ஒரே நிமிஷத்தில் வருமா? "ஒரு குறையும் இல்லையா ஐயா?" என்று மெதுவாகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணே ஒண்ணுத்தா. அந்த நாய் படம் பூராப் பேசுது, ஆனா கடைசி வரைக்கும் அதக் காட்டவே மாட்டேன்ட்டாய்ங்க."

மாப்பிள்ளையின் சோகம்

ஏமாந்த அப்பா எங்கே என்று கேட்கிறீர்கள். வருகிறார், வருகிறார். அதற்குள் எதிர்ச் சுவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் படம் மட்டும்தான் ஆளை அச்சில் வார்க்கிறது என்று நினைக்காதீர்கள், நம் படம் குறைந்ததில்லை. நம் குடும்பச் சிரிப்புப் படத்தில் "அமெரிக்க மாப்பிள்ளை" என்று ஒருவர் வருவார். கூலிங் கிளாஸ், தொப்பி, சாணியை மிதித்துவிட்டு ஒரு "ஓ மை காட்". அவருடைய வேலையே கடைசிக் காட்சியில் பெண்ணை முறைமாமனிடம் பறிகொடுப்பதுதான்.

சிப் கம்பெனியில் வேலை பார்க்கும் செந்தில் அண்ணா பெண் பார்க்க சேலம் போக இருந்தார். போவதற்கு முன்னால் அமெரிக்க மாப்பிள்ளை வரும் படங்களை எல்லாம் மொத்தமாக எடுத்துப் போய், எதையெல்லாம் செய்யக் கூடாது என்று பாடமாகப் படித்தார். கூலிங் கிளாஸ் இல்லை. தொப்பி இல்லை. வேட்டி கட்டிக்கொண்டே விமானத்திலிருந்து இறங்கினாராம். திரும்பி வந்ததும் நேராகக் கடைக்கு வந்தார். "என்னண்ணா, நிச்சயமாயிடுச்சா?" என்று குதித்தேன். ஆகிவிட்டது என்று தலையாட்டினார். ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது: "நிச்சயதார்த்தம் முடியற வரைக்கும் மொத்த சொந்தமும் என்னைப் பாக்கல தேனு. முறைமாமன் எப்ப வருவான்னு வாசலையே பாத்துட்டு இருந்தாங்க."

சோறு ஆறுகிறது

என் வகுப்பில் படிக்கும் மார்கஸ் சாயங்காலங்களில் கடையில் கேசட் அடுக்க வருவான். கறுப்பினப் பையன், வாய் ஓயாமல் பேசுவான். நான் மைக்கில் கத்துவதைக் கேட்டு, இந்தப் படங்களில் அவனை மாதிரி ஒரு பையன் கட்டாயம் இருப்பானே, அவனுக்கு என்ன குரல் கொடுத்தாய் என்று கேட்டான். அந்தப் பையன் ஹீரோவுக்கு யோசனை சொல்வான், ஹீரோ வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து சாப்பிடுவான், அடுத்த காட்சியில் காணாமல் போவான். அவன் வீடு எது, யாருக்குப் பிறந்தான், ஒன்றும் கிடையாது. பொதுவாக ஒரு குரல் கொடுத்து ஒப்பேற்றி இருந்தேன்.

புதிதாக வந்த படத்தில் அந்தப் பையன் தெருவில் நின்று திரைக்கு வெளியே பார்த்து யாருக்கோ கையை ஆட்டும் இடம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு அம்மா குரலைச் சேர்த்தேன். "ராசா, எம்புட்டு நேரம் விளையாடுவ? சோறு ஆறிப்போகுதுல்ல, வாடா!" பையன் அதற்குத்தான் கையை ஆட்டியது போல அவ்வளவு பொருத்தம்! மார்கஸுக்கு ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னேன். இன்னொரு தடவை போடச் சொன்னான். மறுபடியும் போடச் சொன்னான். அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை: "இவ்வளவு நாளா அவன் வீடில்லாதவன்னு நினைச்சிட்டிருந்தேன். பாரு, அவனுக்கு யாரோ சமைச்சு வெச்சிருக்காங்க."

அப்பாவின் தாகம்

இப்போது அப்பா. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலும் படம்தான். (சோபாவில் உட்கார ஆரம்பித்துவிட்டார், வெற்றி!) ஒன்றைக் கவனித்தேன். இந்தப் படங்களில் எல்லாம் ஒரு இந்தியர் வருவார். கல்லாவில் நிற்பார், இல்லையென்றால் டாக்சி ஓட்டுவார். தலையை ஒரு தினுசாக ஆட்டி, உலகத்தில் எந்த இந்தியரும் பேசாத ஒரு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி கத்துவார். அப்போது ஹாலிவுட் சிரிக்கும். அந்த ஆள் வரப்போகும் நேரம் பார்த்து அப்பாவுக்குத் தாகம் எடுக்கும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

அந்த வருஷம் வந்த ஒரு படத்தில், பையனின் பிறந்தநாளை மறந்த அப்பன் கடைசி நிமிஷத்தில் மெழுகுவர்த்தி வாங்க ஒரு கடைக்குள் ஓடுவான். கல்லாவில் இருக்கும் இந்தியர் கையை ஆட்டி, "நோ டச்சிங் பனானா, சார்!" என்று கீச்சுக் குரலில் கத்துவார். அப்பாவின் ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் அந்த வரியை அப்படியே பிடித்துக்கொண்டு, அப்பா டிபன் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பாராம். இதை அம்மாதான் என்னிடம் சொன்னாள். அப்பா சொன்னதில்லை. வாழைப்பழம் கொண்டுபோவதை மட்டும் நிறுத்திவிட்டார். அன்று வீட்டில் அதே படம் ஓடியது. சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. காட்சி முடிந்த பிறகு வாசற்படியில் தலை மட்டும் நீட்டிக் கேட்டார்: "போயிட்டானா அந்தாளு?"

மெழுகுவர்த்தி அந்தப் பக்கம்

அந்தப் படத்துக்குத் தமிழ்க் கேசட் போட வேண்டிய முறை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைக் முன்னால் உட்கார்ந்தேன். கல்லாவில் அந்த ஆள் கையை ஆட்டினார். கீச்சுக் குரல் என் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது, வெளியே வரவே இல்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. எது வந்தால் என் கடை வேலை போகுமோ, அதேதான்! அப்பா குரல்! "ஏனுங்க, பதறாதீங்க. பையனுக்குப் பொறந்தநாளுங்களா? மெழுகுவத்தி அந்தப் பக்கம் இருக்குதுங்க. நானும் புள்ள பெத்தவன்தானுங்க." கை ஆட்டல் "அந்தப் பக்கம்" என்பதற்குப் பொருந்தியது, தலை ஆட்டல் ஆறுதலுக்குப் பொருந்தியது. அழிக்கலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே கேசட்டை அலமாரியில் வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளி அம்மா அதைத் தமிழில் எடுத்துவரச் சொன்னாள். கடைக் காட்சி நெருங்கியது. அப்பா தண்ணீருக்கு எழுந்து பாதி தூரம் போயிருந்தார். "ஏனுங்க, பதறாதீங்க." அப்பா நின்றார். திரும்பினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவருக்கு ஏன் தெரியவில்லை என்கிறீர்களா? மெட்ராஸ் குழு என்றுதானே வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். அதோடு, அவரவர் குரல் அவரவருக்கு மண்டைக்குள்ளிருந்துதானே கேட்கிறது, வெளியிலிருந்து வந்தால் அந்நியர்தான்! அப்பா டிவியையும் டேப்பையும் ஒன்றாகச் சுற்றி, ஒன்றாகத் தட்டி, எஞ்சினியர் அல்லவா, அச்சு பிசகாமல் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "யாரு பேசுனதுன்னு தெரியல, ஆனா ரொம்ப நல்ல மனுசனா இருக்கோணும்."

மூக்கில் பேசும் கலை

அதற்குப் பிறகு எந்தப் படத்தில் இந்தியர் தலை தெரிந்தாலும் அதே குரல்தான். டாக்சிக்காரர், டாக்டர், தவறான வீட்டுக் கதவைத் தட்டும் பிட்சாக்காரர், எல்லாரும் உடுமலைப்பேட்டை. ஊரே அடையாளம் கண்டுகொண்டது, அப்பா ஒருவரைத் தவிர! கடைக்கு வருகிறவர்கள் கேசட்டைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். நான் கும்பிட்டு, "சொல்லிராதீங்க, வேலை போயிரும்" என்பேன். ஒவ்வொரு கண்ணடிப்புக்கும் எனக்கு ஒரு மாச ஆயுசு குறைந்தது.

ஒரு ஞாயிறு கோயில் சாப்பாட்டு வரிசையில் அந்த ஆபத்து நேருக்கு நேர் வந்தது. பிரேமா ஆன்ட்டி அப்பாவைப் பார்த்து, "சார், மெழுகுவத்தி எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டார். நான் கையில் இருந்த புளியோதரைத் தட்டோடு உறைந்தேன். அப்பாவோ, படத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று மகிழ்ந்து, மார்பை நிமிர்த்தி, "மெழுகுவத்தி அந்தப் பக்கம் இருக்குதுங்க!" என்று கையை நீட்டினார். வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. கைதட்டல்! இன்னொரு தடவை கேட்டார்கள். எங்கப்பா தன் குரலைத் தானே மிமிக்ரி பண்ணிக் கைதட்டு வாங்கினார், ஐயா! "அப்படியே உரிச்சு வெச்சிருக்கிய சார்" என்றார் பிரேமா ஆன்ட்டி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அப்பா அடக்கத்தோடு தலையாட்டினார்: "இல்லீங்க, அந்தாளு லேசா மூக்குல பேசறாப்ல. அது மட்டும் எனக்கு வர மாட்டீங்குது."

கலைஞருக்கு விருந்து

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. காரில் போகும்போது கடைக்காரர் மாதிரி பேசுவார், சவரம் பண்ணும்போது டாக்சிக்காரர் மாதிரி பேசுவார். அத்தோடு நிற்காமல் ஊரில் உள்ளவர்களை எல்லாம் பேசிப் பார்த்தார். குருக்கள் மாதிரி ஒரு நாள், பல் டாக்டர் மாதிரி ஒரு நாள். அம்மா, "வீட்டுல ஒண்ணு போதாதுங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆபீஸுக்கு டிபன் டப்பாவில் திரும்ப வாழைப்பழம் போனது. கேன்டீன் ஆள் வழக்கமான வரியைச் சொன்னபோது அப்பா, "ஏனுங்க, பதறாதீங்க" என்று தமிழிலேயே ஆரம்பித்துப் பழத்தில் பாதியை அவருக்கு நீட்டினாராம். அந்த ஆள் பேந்தப் பேந்த விழித்துவிட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

எனக்கு ஒரே கொண்டாட்டம், ஒரே பயம். நினைத்தபடியே அப்பா ஒரு நாள் கடைக்குள் நுழைந்தார். அந்தக் கலைஞர் எப்போது அமெரிக்கா வந்தாலும் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், அம்மா கையால் பருப்புக் கடைந்து விருந்து வைக்க வேண்டும் என்று பஷீர் அங்கிளிடம் சொன்னார். அங்கிள் என்னைப் பார்த்தார். நான் ஊறுகாய் பாட்டிலைத் துடைத்தேன். துடைத்த பாட்டிலையே துடைத்தேன். "ஒரு நிமிஷம் சார். அவர் ரொம்பக் கூச்ச சுபாவம், வெளியிலயே வர மாட்டார்" என்று அங்கிள் வியர்த்தார். அப்பா உருகிப்போனார்: "கெட்டிக்காரங்க எல்லாம் அப்படித்தானுங்க இருப்பாங்க."

ஒரு போன்

பள்ளி திறக்க இருந்த வாரம். அங்கிள் அரிசி எடுக்கப் போயிருந்தார். நான் சரக்கு அறையில் மைக்கோடு தனியாக இருந்தேன். போன் அடித்தது. தொண்டையைச் செருமும் சத்தம். "ஒரு நிமிஷம்மா. தேனு, நான்தாம்மா. மனசுக்கு ஒரே கலக்கமா இருக்கு. உங்கப்பா சுப்பிரமணி சார் சந்தேகப்படுறாரோ?" பாவம் அங்கிள், வழியில் நிறுத்தி போன் பண்ணுகிறார்! "அங்கிள், பயப்படாதீங்க" என்று சிரித்தேன். "எங்கப்பாவுக்கு அவர் குரலே தெரியல. அவரே அதை மிமிக்ரி பண்றார், மூக்குல வரலைன்னு கவலைப்படறார் அங்கிள்!" அந்தப் பக்கமும் சிரிப்பு. "அப்படியாம்மா? எனக்காக ஒரு தடவ பேசிக் காட்டு, கேப்போம்." விடுவேனா? கடைக்காரர், டாக்சிக்காரர், டாக்டர், எல்லாம் வரிசையாக. அந்த உற்சாகத்தில் சோபாவைக்கூட விடவில்லை, "வாங்கிக்க, அதுக்கென்ன இப்ப?"

கடைக் கதவின் மணி கிணுங்கியது. தோளில் அரிசி மூட்டையோடு பஷீர் அங்கிள் உள்ளே வந்தார். "யாரும்மா போன்ல?" என்றார். நான் அவரைப் பார்த்தேன். கையில் இருந்த போனைப் பார்த்தேன். மறுபடி அவரைப் பார்த்தேன். போனுக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "...அப்பா?" என்றேன், என் சொந்தக் குரலில். அது எனக்கே புதுசாக இருந்தது.

"ஆபீஸ்ல எல்லாத்துக்கும் வாய்ஸ்மெயில் வெச்சுக் குடுத்தாங்க அம்மிணி" என்றார் அப்பா. "எம் பேரச் சொல்லிப் பதிவு பண்ணுனேன். சரியா இருக்குதான்னு போட்டுக் கேட்டா, அந்த மெழுகுவத்திக் கடைக்காரர் பேசறாரு. அவரு எதுக்கு எம் மேசைக்கு வந்தாருன்னு சுத்தியும் பாத்தேன்." எனக்குச் சிரிப்பும் முட்டியது, அழுகையும் முட்டியது. இனி மைக் இல்லை, நாய் இல்லை, மூட்டைகள் இல்லை. "அப்பா, நாளைக்கு நான் கடைக்கு வரலாமா, வேண்டாமா?" என்று கேட்டேன். பஷீர் அங்கிள் மூட்டையை இறக்கி வைக்கக்கூட மறந்து நின்றார். அப்பா சொன்னார்: "போ, போ. போயி மொதல்ல அந்தக் கடைக்காரனுக்கு ஒரு பேர் வெய்யி. இத்தன படத்துல வந்துட்டான், ஒருத்தராச்சும் அவனப் பேர் சொல்லிக் கூப்புட்டாங்களா? சுப்பிரமணின்னே வெச்சுரு."

ஆக, ஊரையே ஏமாற்றுவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, ஒரே வீட்டில் இரண்டு பேர் அந்தத் தொழிலுக்கு வந்துவிடாத வரைக்கும்.